பெரியப்பா இல்லாத பாம்பன்

செப்டம்பர் 11, 2025, வியாழன். மதுரை

பெரியப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்காக நானும் பையனும் கோவையிலிருந்து கிளம்பி மதுரை வரை வந்துவிட்டோம். இன்றைக்கே பாம்பன் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அந்தப் பக்கம் பேருந்துகளைச் சுற்றி விடுவார்கள், ராத்திரியில் பிள்ளையோடு அலைய வேண்டாம் என்று அண்ணன் போனில் சொன்னார். அதனால் இரவு தோழி வீட்டில் தங்கல். அவள் சுட்டுப் போட்ட கல்தோசையையும் தக்காளிச் சட்னியையும் பையன் ஆறு தோசை வரை சாப்பிட்டான். காய்ச்சல் வந்து எழுந்தபிறகு இப்போதுதான் இப்படிச் சாப்பிடுகிறான்.

அந்தக் காய்ச்சலால்தான் நான் அடக்கத்துக்குப் போகவில்லை. ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள். காலைப் பூசை கண்டுவிட்டு வீட்டுக்கு வந்த பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீர் கேட்டிருக்கிறார். பெரியம்மா கொண்டு வருவதற்குள் போய்விட்டார். எழுபது வயது. அன்றைக்குக் கோவையில் பையனுக்கு டெங்கு, ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே இருந்தன, அவன் கட்டிலை விட்டு நான் நகர முடியாது. "நீ வர வேணாம்த்தா, புள்ளையப் பாரு, அவுக இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாக" என்று பெரியம்மாவே போனில் சொன்னார். அப்படியும் மனசு ஆறவில்லை. என் அப்பா 2009-இலேயே போய்விட்டார். 2012-இல் என் கல்யாணத்தன்று என்னைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப் போனது பெரியப்பாதான்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தம் இருந்தது. கல்யாணத்துக்குக் காலையில் கோவை வந்தவர் அன்று ராத்திரியே கிளம்பிவிட்டார். ரெண்டு நாள் இருங்கள் என்று அழாத குறையாகக் கேட்டேன். "சாவியெல்லாம் எங்கிட்ட இருக்குத்தா, எப்படி இருக்குறது" என்றார். ரயில்வேயில் அவருக்குக் கீமேன் வேலை, அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். 2015-இல் ஓய்வு பெற்ற பிறகும் கூப்பிட்டேன், அப்போதும் அதே பதில்தான். அதற்கப்புறம் நான் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி. மதுரை முதல் பாம்பன் வரை

காலை பாசஞ்சர். கூட்டம் நெருக்கியடித்தது. ராமேஸ்வரம் போகிற வட இந்தியக் குடும்பங்கள், வாளி, குடம், சுருட்டிய பாய் சகிதம் ஏறியிருந்தார்கள். எங்களுக்கு எதிரே ஒரு பெரியவர் வற்றல் மூட்டையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முண்டு மிளகாய், ராமநாதபுரம் மண்ணில் விளைகிற குண்டு வற்றல், பெட்டி முழுக்க அதன் நெடி. எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். உடனே எழுந்து ஜன்னலோரத்தைப் பையனுக்குக் கொடுத்துவிட்டு, பரமக்குடி வரை நின்றுகொண்டே வந்தார். இறங்கும்போது ஒரு கை வற்றலை அள்ளிக் காகிதத்தில் மடித்து, "முப்பதுக்குக் குழம்பு வைப்பீகள்ல, அதுல போடச் சொல்லுங்க" என்று கொடுத்தார். அவர் யார், எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று எதுவும் நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

மானாமதுரை தாண்டியதும் கருவேலங்காடு, அப்புறம் பனை. உச்சிப்புளியிலேயே காற்று தொடங்கிவிட்டது. கச்சான் என்கிற மேல்காற்று. ஆடி முடிந்தும் இந்த வருஷம் அடங்கவில்லை என்று பெட்டியில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் வண்டி நின்றது, நின்றே விட்டது. முதலில் பத்து நிமிஷம் என்றார்கள், கடைசியில் ஒன்றே முக்கால் மணி நேரம். பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி இருக்கிறது. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பு, வண்டி பாலத்துக்குள் போகக்கூடாது. இது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும், பெரியப்பா சொல்லிக் கொடுத்தது. பையனுக்கு நான் சொன்னேன். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, "தாத்தா இந்தக் காத்துலயா நடப்பாங்க?" என்று கேட்டான்.

ஆமாம், இந்தக் காற்றில்தான். கீமேன் என்றால் என்ன வேலை என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடித்திருக்கும் இரும்புச் சாவிகள் வண்டி ஓட ஓடத் தளரும். ஒவ்வொரு நாளும் ஒருவர் தன் எல்லை முழுக்க நடந்துபோய், தளர்ந்த சாவியைச் சுத்தியலால் அடித்து உள்ளே தள்ளி, போல்ட்டை ஸ்பேனரால் முறுக்கி, விரிசல் ஏதாவது தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே போக வேண்டும். தோளில் கொடி, பையில் ஆபத்துக்கு வைக்கிற பட்டாசு சிக்னல். தரையில் இதைச் செய்வதே பாடு. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலத்தில், கீழே கடல் தெரியத் தெரியச் செய்தவர் அவர். 1914-இல் திறந்த பழைய பாலம். உப்புக் காற்றில் இரும்பு அரிக்கிற வேகம் அங்கே பயங்கரம், பெயிண்ட் அடிக்கிற ஆள் ஒரு முனையில் முடிப்பதற்குள் மறுமுனை துருப்பிடித்துவிடும் என்பார். 1976-இல் கூலியாகச் சேர்ந்து, கேங்மேனாகி, கீமேனாகி, முப்பத்தொன்பது வருஷம் அதே பாதையில் நடந்தார். ஊரில் அவர் பெயரையே யாரும் சொல்வதில்லை. பெரியவர்களுக்கு அவர் கீமேன், சின்னவர்களுக்குக் கீமேன் அண்ணன், அடுத்த தலைமுறைக்குக் கீமேன் தாத்தா.

காற்று கொஞ்சம் அடங்கியதும் வண்டி புதுப் பாலத்தில் ஏறியது. ஏப்ரல் 6-ஆம் தேதிதான் திறந்தார்கள். பழைய பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும், கையை நீட்டினால் அலைத் துளி படும். இதில் அதிகம் பார்ப்பதற்குள் பாம்பன் வந்துவிட்டது. பக்கத்திலேயே பழைய பாலம் வண்டியில்லாமல் நின்றுகொண்டிருந்தது. பையன் புதுசைப் பார்த்தான், நான் பழசையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இறங்கும் அவசரத்தில் ஒரு காரியம் கெட்டது. என் கல்யாணத்தில் எடுத்த பெரியப்பாவின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டு வந்திருந்தேன், மறுநாள் பூசைக்கு வைக்க. நெரிசலில் பை கதவில் இடித்துக் கண்ணாடி நொறுங்கிவிட்டது. ஸ்டேஷனில் அண்ணன் என்னைப் பார்த்ததும் நான் அழுதது படத்துக்காகவா, அவருக்காகவா தெரியவில்லை.

சாப்பாடு முடிந்ததும் தங்கச்சிமடம் போய்க் கண்ணாடி மாற்றினோம். கடைக்கார பாய் சட்டத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம கீமேனு" என்று சொல்லி அதை மேசையில் படுக்க வைக்காமல் சுவரில் சாய்த்து நிறுத்தினார். கண்ணாடி நூற்றெண்பது ரூபாய். அண்ணன் பணத்தை நீட்டினார், அவர் வாங்கி எண்ணிக் கல்லாவில் போட்டார். அப்புறம் என்னிடம் சொன்னார்: "காசு வேணாம்னு சொல்லத்தான் வாய் வருது. ஆனா அவுக எங்கிட்ட ஒரு ரூவா கொறச்சுக் குடுத்ததில்ல. இருபது வருஷத்துக்கு முன்னாடி எங்க வாப்பா மவுத்தாகி மழையில மையத்தத் தூக்க ஆள் பத்தாம நின்னப்ப, கால் நனைய நடந்து வந்து நின்னாக. அன்னைக்கு நான் டீ வாங்கிக் குடுத்ததுக்கே மறுநா காசு கொண்டாந்துட்டாக. அவுக கணக்க நான் கெடுக்கக் கூடாது." நான் பதில் எதுவும் சொல்லவில்லை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நாட்டுப்படகில் வந்த விளமீன், புளி கொஞ்சம் தூக்கலாக, தேங்காய் அரைத்து விட்ட குழம்பு. அதில் அந்தப் பரமக்குடி வற்றலில் நாலைக் கிள்ளிப் போட்டார் பெரியம்மா. சூடை மீன் வறுவல் தனியாக. கிலோ இவ்வளவு என்று கேட்டால் பெரியம்மாவுக்குக் கோபம் வரும், கரையில் வாங்குகிறவர்களுக்கு நிறுவைக் கணக்கு கிடையாது, கூறுதான். ஒரு கூறு சூடை எழுபது ரூபாய்.

ராத்திரி படுக்கப் போகும்போதுதான் கதவுக்குப் பின்னால் இருந்த பலகையைப் பார்த்தேன். சின்ன வயதில் பார்த்தது, மறந்தே போயிருந்தது. வரிசையாக ஆணிகள், ஆணிகளில் சாவிகள். ஒன்பது சாவி. ஒவ்வொன்றிலும் பழைய கொடித் துணிக் கிழிசல், சிலதில் சிவப்பு, சிலதில் பச்சை. இது யார் சாவி என்று கேட்டேன். தெருவில் உள்ளவர்களுடையது. பொம்பளைகள் விடியுமுன் பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போவார்கள், ஆண்கள் கடலில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு திறக்க வேண்டும். சாவி கீமேன் வீட்டில். பச்சை கட்டினது ஆளில்லாத வீடு. சிவப்பு கட்டினது உள்ளே வயசாளியோ நோயாளியோ இருக்கிற வீடு, பத்து மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை போய்க் குரல் கொடுத்துவிட்டு வர வேண்டும். வேலையில் இருந்தவரை பெரியம்மா போனார், ஓய்வுக்குப் பிறகு பத்து வருஷம் பெரியப்பாவே போனார்.

"ஒத்தரும் வந்து எடுத்துக்கிட்டுப் போகல" என்றார் பெரியம்மா. "கேக்கவும் எனக்கு வாய் வரல."

பதின்மூன்று வருஷமாக நான் என்ன சாவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

செப்டம்பர் 13, சனி. பாம்பன்

ஆறு மணிப் பூசை. கோயில் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது, இத்தனைக்கும் சனிக்கிழமை, விசைப்படகுகள் கடலுக்குப் போகிற நாள். சாமியார் பிரசங்கத்தைச் சின்னதாக முடித்துக்கொண்டார். பீடத்தின் முன்னால் என் படம். புதுக் கண்ணாடியில் மெழுகுவர்த்தி தெரிந்தது.

பூசை முடிந்து கல்லறைக்கு. மந்திரிப்பு நடக்கும்போது காற்று ஒரு மெழுகுவர்த்தியைக்கூட நிற்க விடவில்லை, ஏற்ற ஏற்ற அணைந்தது. ஆறேழு வயதுப் பையன் ஒருவன் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டு வந்து கவிழ்த்தாற்போல் பிடித்துக்கொண்டு, ஜெபம் முடியும் வரை முழங்காலில் இருந்தான். யார் பிள்ளை என்று கேட்டேன். சிவப்புத் துணிச் சாவி வீடு ஒன்றின் பேரன்.

சாப்பாடு வீட்டு வாசலில் பந்தல் போட்டு. ஆட்டுக்கறிக் குழம்பு, சோறு, ரசம், மோர். நூற்றைம்பது பேர் இருக்கும். பெரியப்பா விரும்பியபடி முதல் பந்தி வின்சென்ட் தே பவுல் சபை உதவி பெறுகிற குடும்பங்களுக்கு. அந்தச் சபையில் முப்பது வருஷம் இருந்தார். 1833-இல் பாரிசில் ஓசானாம் என்கிற மாணவர் தன் நண்பர்களோடு தொடங்கியது, இன்று நம் ஊர்ப் பங்குகளில்கூட இருக்கிறது. வாரம் ஒரு கூட்டம், ஏழைகள் வீட்டுக்கு நேரில் போக வேண்டும், கூட்டத்தின் கடைசியில் ஒரு பை சுற்றி வரும், அதில் யார் எவ்வளவு போட்டார் என்று அடுத்தவருக்குத் தெரியக்கூடாது. ரகசியப் பை என்றே பெயர். சபைத் தலைவர் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று சொன்னார்: "கீமேன் எவ்வளவு போட்டாருன்னு எங்களுக்குத் தெரியாது. ஆனா அவர் போன பெறவு மூணு வாரமாப் பை லேசா இருக்கு."

அவர் வீட்டுக்குக் கொடுக்காமல் ஊருக்குக் கொடுத்தவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த மாதிரி ஆட்களையும் பார்த்திருக்கிறேன், அவர்கள் பெண்டாட்டிகள் படுகிற பாட்டையும் பார்த்திருக்கிறேன். பெரியப்பா வேறு. சம்பளக் கவரைப் பிரிக்காமல் பெரியம்மா கையில் கொடுப்பார். பெரியம்மா பாசி எடுக்கப் போன நாட்களில் மூன்று பெண்பிள்ளைகளுக்கும் எண்ணெய் தேய்த்து, ரெட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டி அனுப்பியது அவர்தான், அதுவும் பாலத்துக்கு நடந்துபோய்த் திரும்பிய பிறகு. சின்னக்கா சொன்னாள், "அப்பா பின்னுனா சாயங்காலம் வரைக்கும் ஒரு முடி வெளிய வராது, சாவி அடிக்கிற கையில்ல." பெரியம்மாவுக்கு முட்டி வலி வந்து உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் போனதும் மீன் கழுவுவது, இறால் உரிப்பது எல்லாம் இவர் வேலை. தெருக் குழாயில் தண்ணீர் வருகிற நாளில் சைக்கிளில் குடம் கட்டி முதல் நடை தன் வீட்டுக்கு, ரெண்டாம் நடை எதிர்வீட்டுக் கிழவிக்கு. முதல் நடை எப்போதும் தன் வீட்டுக்குத்தான். அதில் அவருக்குக் கூச்சம் கிடையாது.

ஓய்வு பெற்ற அன்று சுத்தியல், ஸ்பேனர், கொடி எல்லாவற்றையும் எண்ணெய் போட்டுத் துடைத்து ஒப்படைத்துவிட்டு வந்தாராம். அந்த ஊரில் ரயில்வே இரும்பு இல்லாத வீடு இல்லை. அவர் வீட்டில் இல்லை. கிழிந்து கழித்துப் போட்ட கொடித் துணியைக்கூட இன்ஸ்பெக்டரிடம் கேட்டு வாங்கித்தான் கொண்டு வந்திருக்கிறார்.

சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் பெரியக்கா திண்ணையில் உட்கார்ந்து கால் நீட்டினாள். எட்டரை ஆனதும் எங்கள் இரண்டு பேர் கையும் போனைத் தேடியது, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எட்டரைக்கு அவர் போன் வரும். எனக்கும் வரும், அவளுக்கும் வரும், திருப்பூரில் இருக்கிற சின்னக்காவுக்கும் வரும். "வீட்டுக்கு வந்துட்டியாத்தா?" வந்துட்டேன் பெரியப்பா. "மாப்ள?" வந்துட்டார். "புள்ள?" இருக்கான். "சரி." அவ்வளவுதான், வைத்துவிடுவார். ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆபீசில் நேரமான நாட்களில் இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டால், ஒன்பதுக்கு மறுபடி வரும், ஒன்பதரைக்கு மறுபடி வரும். சில நாள் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்திருக்கிறது.

"நாங்க சின்னப் பிள்ளைகளா இருந்தப்ப ராத்திரி கதவு சாத்துறதுக்கு முன்னாடி பேர் சொல்லிக் கூப்புடுவாக" என்றாள் அக்கா. "எதுத்தாப்ல உக்காந்திருந்தாலும் கூப்புடுவாக. நாம பதில் சொல்லணும். எல்லாரும் சொன்னாத்தான் தாப்பா போடுவாக. நாளைக்குத் தனுஷ்கோடி போவோம். புள்ளைக்குக் காட்டணும்ல."

செப்டம்பர் 14, ஞாயிறு. தனுஷ்கோடி

ராமேஸ்வரம் வரை ஒரு பேருந்து, அங்கிருந்து அரிச்சல்முனைக்கு இன்னொன்று. 2017-இல் ரோடு போட்டபிறகு பேருந்து முனை வரை போய்விடுகிறது. நான் பெரியப்பாவோடு வந்தபோது முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும், அப்புறம் மணலில் குலுங்கிக் குலுங்கி வேன். இப்போது இரண்டு பக்கமும் கடல், நடுவில் கறுப்பு ரோடு, கார்கள் வரிசை. வலது பக்கம் ஆண் கடல், இரைச்சலும் நுரையும். இடது பக்கம் பெண் கடல், அசையாமல் பச்சையாக. பையன் மாறி மாறிப் பார்த்துக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே வந்தான்.

இளநீர் அறுபது ரூபாய். வெயில் சுள்ளென்று, மணல் காலில் குத்துகிற காற்று. பழைய கோயிலின் பவளக்கல் சுவர்கள் இன்னும் நிற்கின்றன, கூரை இல்லை. ரயில்வே தண்ணீர்த் தொட்டி, ஸ்டேஷன் சுவரின் மிச்சம்.

இதுதான் எங்கள் ஊர். தாத்தா தனுஷ்கோடிப் பாலத்துறையில் மூட்டை தூக்கினார். சென்னையிலிருந்து வருகிற போட் மெயில் இங்கே நிற்கும், இறங்கிக் கப்பலேறினால் தலைமன்னார். அந்தப் போக்குவரத்தை நம்பி ஒரு ஊரே இருந்தது, சுங்க அலுவலகம், தபால் அலுவலகம், பள்ளிக்கூடம், எல்லாம். 1964 டிசம்பரில் கிறிஸ்மஸுக்குப் பாட்டி இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு பாம்பனில் தாய் வீட்டுக்கு வந்திருந்தார். பெரியப்பாவுக்கு ஒன்பது வயது, என் அப்பாவுக்கு ஐந்து. தாத்தா வேலை முடிந்து 23-ஆம் தேதி வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். 22-ஆம் தேதி ராத்திரி புயல். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் வண்டியை ஆட்களோடு கடல் கொண்டுபோயிற்று, நூறு பேருக்கு மேல். மொத்தம் சுமார் 1,800 பேர் என்பார்கள். பாம்பன் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலுக்குள் போயின. தாத்தா வரவில்லை. உடலும் வரவில்லை.

ஒன்பது வயதுப் பையன் பாம்பன் கரையில் போய் நின்றிருக்கிறார். பாலம் அறுந்து கிடந்தாலும், அந்தப் பக்கத்திலிருந்து யாராவது நடந்து வந்தால் முதலில் தன் கண்ணில் பட வேண்டும் என்று. பக்கம் மாறி நின்றிருக்கிறார் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. தனுஷ்கோடி இருப்பது பாலத்துக்கு இந்தப் பக்கம், தீவுக்குள். பாலத்தைக் கடந்து தாத்தா வரவே முடியாது. ஆனால் அந்த வயதில் அவருக்கு வண்டி என்றால் பாலம், அப்பா வண்டியில்தான் வருவார். ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் கடலடியில் கிடந்த கர்டர்களைத் தூக்கி எடுத்து 46 நாளில் பாலத்தை மறுபடி நிறுத்தினார்கள். அந்த 46 நாளும் பெரியப்பா கரையில் இருந்தார். பாலம் முழுசானால் அப்பா வருவார் என்று இருந்தேன்த்தா என்று ஒரே ஒரு தடவை, இதே மணலில் வைத்து என்னிடம் சொல்லியிருக்கிறார். அழவில்லை. சொல்லிவிட்டு எனக்குச் செருப்பில் மணல் தட்டிக் கொடுத்தார்.

ஓலைக் கொட்டகை ஒன்றில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். பாறை மீன் துண்டு இரண்டு, வெங்காயம், எலுமிச்சை, நூற்றைம்பது ரூபாய். கடைக்கார அம்மா பையன் பாட்டில் தண்ணீர் கேட்டதும், "எதுக்கு இருவது ரூவா" என்று கூட்டிக்கொண்டு போய் மணலில் தோண்டிய ஊற்றைக் காட்டினார். கொட்டாங்கச்சியில் மோந்து கொடுத்தார். "குடிச்சுப் பாரு தம்பி, உப்புக் கரிக்காது." கரிக்கவில்லை. நாலு பக்கமும் கடல் இருக்கிற இடத்தில் அது எப்படி என்று பையன் ராத்திரி வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் சுட்ட பனம்பழம் ஒன்று, பதினைந்து ரூபாய். நார் பல்லில் சிக்கியது. வீடு வந்ததும் பெரியம்மா ஏப்ரல் மாதக் கதையைச் சொன்னார். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் வண்டி நின்றபிறகு இரண்டே கால் வருஷத்துக்கு மேல் பாம்பனில் ரயில் இல்லை. புதுப் பாலம் திறந்த அந்த வாரமே பெரியப்பா இவரைக் கூட்டிக்கொண்டு மண்டபம் வரை போய் வந்திருக்கிறார், வேறு வேலை எதுவும் இல்லை, பாலத்தில் போவதற்காக மட்டும். முப்பத்தொன்பது வருஷம் நடந்த இடத்தில் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும் என்று. "ஜன்னல் பக்கம் என்னய உக்கார வச்சாக. புதுசப் பாக்கவே இல்ல. பழச கையக் காட்டி, இந்தா இந்த எடத்துல ஒரு சாவி எப்பவும் லூசாவே இருக்கும், இந்தா இங்கன ஒரு தடவ கொடி பறந்து கடலுக்குள்ள போச்சுன்னு சொல்லிக்கிட்டே வந்தாக. நான் சரி சரின்னேன்."

செப்டம்பர் 15, திங்கள். பாம்பன்

திங்கள் என்றால் ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். விடியும்போதே தெருவில் நடமாட்டம். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப் போன ஆட்களின் வீட்டுப் பெண்கள் மூன்று பேர் மனு கொடுக்கப் போகிறார்கள். ஆள் சிறையில், படகு அங்கே, இங்கே கடன். இத்தனை வருஷமும் இந்த மனுக்களை எழுதியது பெரியப்பாதான். ஆள் பெயர், படகு எண், பிடிபட்ட தேதி, இலங்கையில் எந்த ஊர் நீதிமன்றம், ஊர்காவற்றுறையா மன்னாரா, எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில். யாழ்ப்பாணம், வவுனியா சிறைகளில் இருக்கிற ஆண்களுக்குக் கடிதமும் எழுதித் தருவார். அதில் அவர் தன் பங்காக ஒரு வரி சேர்ப்பாராம், வீட்டில் எல்லாரும் இருக்கிறார்கள் என்று பிள்ளைகளின் பெயரை வரிசையாக.

இன்றைக்கு மனுவை எழுதியது பக்கத்து வீட்டில் பன்னிரண்டாவது படிக்கிற பெண். நேற்று ராத்திரி வந்து எங்கள் அண்ணனிடம் காட்டினாள். படகு எண்ணை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டாளா என்று அண்ணன் கேட்டார், பார்த்துவிட்டேன் என்றாள்.

எங்களுக்கு மதுரை வண்டி. இட்லியும் மிச்சமிருந்த மீன் குழம்பும் சாப்பிட்டோம், பெரியம்மா கருப்பட்டி ஒரு பொட்டலம், காய்ந்த நெத்திலி ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். சேலை மாற்றி, செருப்பு வரை எடுத்து வைத்திருந்தார் ஸ்டேஷனுக்கு வர. கோவைக்கே வந்து பத்து நாள் இருங்கள், முட்டிக்கு நல்ல டாக்டரைக் காட்டலாம் என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், யோசிக்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தார்.

அப்போது வாசலில் அந்த மூன்று பெண்களும் வந்து நின்றார்கள். ஒருத்தி தயங்கித் தயங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். "அத்த, மாமியார் உள்ள படுத்திருக்கு. கலெக்டர் ஆபீஸ் போயிட்டு வர சாயங்காலம் ஆகும்." கையில் மாற்றுச் சாவி. மற்ற இருவரும் அவரவர் சாவியைப் பலகையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள்.

பெரியம்மா சாவியை வாங்கினார். பையனைக் கூப்பிட்டு மரப்பெட்டியில் இருக்கிற துணியை எடுத்து வரச் சொன்னார். அவன் இரண்டு நிறத்தையும் கொண்டு வந்தான், எது என்று கேட்டான், சிவப்பு என்றார். கிழித்து முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டினார். காலில் போட்டிருந்த செருப்பைக் கழற்றிப் பழைய இடத்தில் வைத்தார்.

"நீங்க போயிட்டு வாங்கத்தா" என்றார். "சாவியெல்லாம் எங்கிட்ட இருக்கு, நான் எப்படி வர்றது?"